நாற்பது ஆண்டு உறங்கிய ரம்பம்

2018-ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் வீசி ஓய்ந்த பின் தஞ்சை, புதுக்கோட்டை, நாகை மாவட்டங்களில் நாள் முழுவதும் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நீங்கள் அப்போது மிகச் சிறியவர்களாக இருந்திருப்பீர்கள். வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். சாலையை அடைத்துக் கிடந்த மரங்களைத் துண்டு போட்ட சங்கிலி ரம்பத்தின் சத்தம்தான் அது. மரம் அறுக்கும் மெஷின் என்று ஊரில் சொல்வோமே, அதுவேதான்.

இன்றைய சங்கிலி ரம்பம் ஐந்தாறு கிலோ எடைதான் இருக்கும். ஒருவர் ஒரு கையால் தூக்கிச் சென்றுவிடலாம். அதன் பாட்டனையும் பூட்டனையும் தேடிப்பிடித்து, பழுது பார்த்து, மீண்டும் உறும வைத்து மகிழும் மனிதர்கள் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பலர் இருக்கிறார்கள். சிலர் தபால்தலை சேர்ப்பதுபோல இவர்கள் ரம்பம் சேர்க்கிறார்கள். விந்தையான பொழுதுபோக்கு என்று தோன்றுகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு பழைய ரம்பத்தைப் பிரித்துப் பார்த்தால், உங்கள் பௌதிகப் புத்தகத்தின் பாதிப் பாடங்கள் அதற்குள்ளே உட்கார்ந்திருப்பதைக் காணலாம்.

முதலில் பாட்டனாரின் எடையைப் பார்ப்போம். ஜெர்மனியில் ஆண்டிரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-இல் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி ரம்பத்தையும், 1929-இல் பெட்ரோலால் ஓடுவதையும் செய்தார். இடையில் 1927-இல் எமில் லெர்ப் என்பவர், துரிஞ்சியா பகுதியில் உள்ள டோல்மார் மலையில் தம் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்தார். அந்த மலையின் பெயரையே ரம்பத்துக்கும் வைத்துவிட்டார். இவையெல்லாம் ஏறத்தாழ ஒரு சிமென்ட் மூட்டையின் எடை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்தால்தான் மரம் அறுக்க முடியும். ஒருவரே தூக்கக்கூடிய ரம்பங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பெருகின. அமெரிக்காவில் மெக்கல்லக் நிறுவனம் 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘3-25’ என்ற ரம்பம் 25 பவுண்டு, அதாவது சுமார் 11 கிலோ எடையுடையது. (அந்த ராபர்ட் மெக்கல்லக்தான் பின்னாளில் பழைய லண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுபோய், அரிசோனா மாநிலத்தில் மீண்டும் கட்டியவர். பழம்பொருள் சேர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை!)

எடை குறைந்தால் மட்டும் போதுமா? பல் சரியில்லாவிட்டால் என்ன பயன்? ஆரம்பகாலச் சங்கிலிகளின் பற்கள் கை ரம்பத்தின் பற்களைப் போலவே கூராக இருந்தன. மரத்தை அவை கீறின, பிறாண்டின. அடிக்கடி அரம் போட வேண்டியிருந்தது. 1946-இல் ஓரிகன் மாநிலத்துக் காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், ஒரு அடிமரத்தில் வண்டின் புழு ஒன்று குடைவதைக் கூர்ந்து பார்த்தார். விரல் பருமனுள்ள அந்தப் புழு, மரத்தின் நாரோடும் நாருக்குக் குறுக்கேயும் ஒரே எளிமையோடு போய்க்கொண்டிருந்தது. அதன் தாடைகள் இரண்டும் உள்நோக்கி வளைந்தவை. ஒன்று இடப்பக்கம் சீவும், மற்றது வலப்பக்கம் சீவும். அதே வடிவத்தில் இரும்பில் பல் செய்து, இடம் வலமாக மாற்றி மாற்றிச் சங்கிலியில் கோத்தார் காக்ஸ். மரம் தூளாக உதிராமல் சீவலாக வந்து விழுந்தது. 1947-இல் போர்ட்லண்ட் நகரில் அவர் தொடங்கிய தொழில் அப்படியே வளர்ந்தது. இன்று நம் ஊரில் ஓடும் சங்கிலிகளும் பெரும்பாலும் அந்தப் புழுவின் வாரிசுகள்தாம். பழைய ரம்பம் ஒன்றில் கீறும் பல் சங்கிலி இருந்தால், அது காக்ஸின் காலத்துக்கு முந்தைய வடிவம் என்று சேகரிப்பவர் கண்டுகொள்வார்.

சரி, இப்போது பழுது பார்க்கும் வேலைக்கு வருவோம். ஓரிகன் மாநிலத்தில் ஏதோ ஒரு கொட்டகையில், 1950-களில் செய்த ரம்பம் ஒன்று நாற்பது ஆண்டுகளாகத் தூசியில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது உயிரோடு இருக்கிறதா? இதைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும். உள்ளே அழுத்தம் உண்டாகிறதா? பொறி பறக்கிறதா? எரிபொருள் வந்து சேர்கிறதா?

அழுத்தத்தைச் சோதிக்கக் கருவிகூட வேண்டியதில்லை. ஸ்டார்ட் செய்யும் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து ரம்பத்தை அப்படியே தொங்கவிடுவார்கள். பிஸ்டன் வளையங்கள் நன்றாக இருந்தால், உருளைக்குள் அடைபட்ட காற்று எளிதில் தப்பிப் போகாது. ரம்பம் நின்று நின்று, படிப்படியாக இறங்கும். கிணற்று வாளிபோல விறுவிறுவென்று இறங்கினால் வளையமோ பிஸ்டனோ தேய்ந்துவிட்டது என்று பொருள். கயிறு அசையவே இல்லை என்றால் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது பலங்கொண்ட மட்டும் இழுப்பது மூடத்தனம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சில சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். புகைபோக்கியைக் கழற்றினால் பிஸ்டனின் பக்கமே கண்ணுக்குத் தெரியும். அதில் நெடுக்குக் கீறல்கள் இருந்தால், யாரோ எண்ணெய் கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். இருவீச்சு எஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்த எண்ணெய்தான் அதற்கு வழுக்கல். அதை மறந்த ஒரு நாள், எஞ்சினின் கடைசி நாளாகிவிடும்.

அடுத்தது பொறி. இங்கேதான் எனக்குப் பிடித்த பாடம் வருகிறது. இந்த ரம்பத்தில் பாட்டரி கிடையாது. பின்னே மின்சாரம் எங்கிருந்து வருகிறது? எஞ்சினோடு சுழலும் பிளைவீல் என்ற கனத்த சக்கரத்தின் விளிம்பில் காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. சக்கரம் சுழலும்போது அவை ஒரு கம்பிச்சுருளைக் கடந்து போகும். காந்தப்புலம் மாறினால் கம்பியில் மின்னோட்டம் பிறக்கும் என்று 1831-இல் ஃபாரடே காட்டினார் அல்லவா? அதுவேதான். ஆனால் இப்படிப் பிறக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது. பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாயப் பல்லாயிரம் வோல்ட் வேண்டும். அதற்கு ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள். தடித்த கம்பியாலான முதன்மைச் சுருளில் மின்னோட்டம் உச்சத்தை எட்டும் அதே கணத்தில், ‘பாயிண்ட்’ என்னும் இரண்டு சிறு உலோக முனைகள் பிரிந்து, அந்த மின்னோட்டத்தைத் திடீரென்று அறுத்துவிடுகின்றன. காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. மாற்றம் எவ்வளவு விரைவோ, தூண்டப்படும் மின்னழுத்தமும் அவ்வளவு பெரியது. மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய துணைச் சுருளில் 10,000 வோல்ட்டுக்கும் மேல் எழுந்து, பளிச்சென்று பொறி பறக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்றுச் சுழன்றால், நொடிக்கு ஏறத்தாழ 117 முறை இது நடக்க வேண்டும்!

பாயிண்ட் பிரியும்போது அங்கேயே பொறி தாவி, மின்னோட்டம் நிற்காமல் இழுத்துக்கொண்டு போகுமே என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. அதைத் தடுக்கத்தான் பக்கத்திலேயே ஒரு கண்டன்சர், அதாவது மின்தேக்கி, வைத்திருக்கிறார்கள். மதகை மூடும்போது பாய்ந்து வரும் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு குட்டை வெட்டி வைத்ததுபோல, அது அந்த மின்னூட்டத்தை வாங்கிக்கொள்கிறது.

நாற்பது ஆண்டு கிடந்த ரம்பத்தில் பொறி வராததற்கு மிகச் சாதாரணமான காரணம், அந்தப் பாயிண்டின் மேல் படிந்த ஆக்சைடு ஏடுதான். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்த ஏடு, முதன்மைச் சுருளின் ஒரு சில வோல்ட்டைத் தடுத்துவிடப் போதுமானது. நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது, மழைக்காலம் முழுவதும் திண்ணையில் நின்ற அப்பாவின் மொபெட் கிளம்பவில்லை. மெக்கானிக் அண்ணன் ஒரு மூடியைக் கழற்றினார். தீப்பெட்டியின் உரசும் பட்டையைக் கிழித்துப் பாயிண்டுக்கு நடுவே வைத்து இரண்டு இழு இழுத்தார். ஒரே மிதியில் வண்டி கிளம்பிவிட்டது. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது பி.எஸ்ஸி. படிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. ஓரிகன் கொட்டகையிலும் அதே வைத்தியந்தான்: மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான காகிதத்தால் துடைத்து, முனைகளின் இடைவெளியைச் சுமார் 0.4 மில்லிமீட்டருக்குச் சரிசெய்வார்கள். பிற்காலத்தில் வந்த மின்னணுப் பற்றவைப்பில் பாயிண்ட் கிடையாது. அது எளிதில் கெடாது. ஆனால் கெட்டால் தீப்பெட்டி உதவாது, அப்படியே மாற்ற வேண்டியதுதான்.

மூன்றாவது எரிபொருள். மிகப் பழைய ரம்பங்களில், மொபெட்டில் இருப்பதுபோல, மிதவை வைத்த கார்புரேட்டர் இருந்தது. மிதவை வேலை செய்ய ஈர்ப்பு விசை வேண்டும். ரம்பத்தைச் சாய்த்தால் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே எஞ்சினை நிமிர்த்தியே பிடித்துக்கொண்டு, அலகை மட்டும் திருப்பும்படி செய்திருந்தார்கள். பிறகு மிதவைக்குப் பதில் மெல்லிய ரப்பர்ச் சவ்வு வந்தது. சவ்வின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் பெட்ரோல் அறை. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சும்போது அறையில் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று சவ்வை உள்ளே தள்ளுகிறது. சவ்வு ஒரு சிறு நெம்புகோலை அழுத்தி ஊசி வால்வைத் திறக்கிறது. இதில் மேல், கீழ் என்ற பேச்சே இல்லை. தலைகீழாகப் பிடித்தாலும் எஞ்சின் ஓடும். ஆனால் பல ஆண்டு சும்மா கிடந்தால் சவ்வு காய்ந்து அட்டைபோல விறைத்துவிடும். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் இந்தப் பழைய ரப்பருக்கு ஆகாது. அது காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகையால் சவ்வையும் குழாய்களையும் புதிதாக மாற்றிவிடுவதே வழக்கம்.

மூன்றும் சரியானால் ரம்பம் பிழைத்துவிடும். அதன் விலை என்ன என்று எப்படி மதிப்பிடுவது? ‘பழையது என்றால் விலை அதிகம்’ என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். 1970-களில் ஆயிரமாயிரமாக விற்ற சிறு ரம்பம், நன்றாக ஓடினாலும் அதிகம் பெறாது. 1930-களின் இருவர் ரம்பம், ஓடாவிட்டாலும் மதிப்புள்ளது. 123 கன சென்டிமீட்டர் எஞ்சின் கொண்ட மெக்கல்லக் எஸ்.பி. 125 போன்ற பெரிய ரம்பங்களுக்கும் நல்ல கிராக்கி உண்டு. நூறு சி.சி. மோட்டார் சைக்கிளைவிடப் பெரிய எஞ்சினைக் கையில் தூக்கிப் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். பாகங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்பதும் முக்கியம். பெட்ரோல் மூடி, காற்று வடிகட்டியின் உறை போன்ற சின்னப் பொருள்தான் தேடினாலும் அகப்படாது. புதிதாக வாங்கியவர் ஆசையாகப் பளபளவென்று வண்ணம் பூசினால், விலை பெரும்பாலும் ஏறாது, இறங்கும். மங்கிப்போன பழைய வண்ணமும் பாதி கிழிந்த பெயர்ச்சீட்டும் அந்த ரம்பத்தின் பிறப்புச் சான்றிதழ். அதை அழித்தபின் மீண்டும் யார் எழுதித் தருவது?

உலோகத்தைத் தேய்ப்பதிலும் எச்சரிக்கை தேவை. எடை குறைய வேண்டும் என்று இவற்றின் உடலைப் பெரும்பாலும் மக்னீசியம் கலந்த உலோகத்தால் வார்த்தார்கள். மக்னீசிய நாடா எரிவதை ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் தூளும் அப்படித்தான் பற்றும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாக எரியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, பழைய ரம்பத்தால் மரம் அறுப்பது. 1959-இல் வந்த ஸ்டீல் காண்ட்ரா போன்ற, பல்சக்கரப் பெட்டி இல்லாத ரம்பங்களில் எஞ்சினின் வேகம் நேரே சங்கிலிக்குப் போகிறது. ஒரு கணக்குப் போடுவோம். சங்கிலியை இழுக்கும் சக்கரத்தில் 7 பற்கள். ஒரு பல்லுக்குச் சங்கிலி 19 மில்லிமீட்டர் நகரும். ஒரு சுற்றுக்கு 133 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால் நொடிக்கு 150. பெருக்கினால் நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர்! அலகின் நுனியில், மேல் பாதி மரத்தில் பட்டுச் சங்கிலி சிக்கிக்கொண்டால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அலகு மேலும் பின்னுமாக, ஆளை நோக்கித் துள்ளும். கண் இமைக்கும் நேரங்கூடக் கிடைக்காது. அந்தக் கணத்தில் சங்கிலியை நிறுத்தும் பிரேக் 1970-களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்கு முந்தைய ரம்பங்களில் அது கிடையாது.

அதிர்வு இன்னொரு கொடுமை. கல் குடையும் காற்றுச் சுத்தியலைப் பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை, அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918-இலேயே எழுதி வைத்தார். அதே நோய் 1960-களில் பல நாடுகளின் காட்டுத் தொழிலாளர்களிடம் காணப்பட்டது. சட்டைப் பொத்தான் போடக்கூட முடியாமல் போனவர்கள் உண்டு. பிறகுதான் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பர்த் துண்டுகளை வைத்தார்கள். அந்த ரப்பர் இணைப்பின் இயல்பதிர்வெண், எஞ்சினின் அதிர்வெண்ணைவிட மிகக் குறைவாக இருக்கும்படி அமைத்தால், அதிர்வின் பெரும்பகுதி கைக்கு வந்து சேராது. சேகரிப்பவர் விரும்பித் தேடுவதோ ரப்பர் இல்லாத அந்தப் பழைய கைப்பிடியை. அவர் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வைத்துவிடுவார். அன்று அதைப் பிடித்தவரோ நாள் முழுவதும் பிடித்தார்.

நம் ஓரிகன் ரம்பத்துக்குத் திரும்புவோம். புதிய சவ்வு போட்டாயிற்று, பாயிண்ட் துடைத்தாயிற்று. பதினாறு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று பழைய முறையில் கலந்து ஊற்றியாயிற்று. சங்கிலியை மட்டும் மாட்டவில்லை. ஐந்தாவது, ஆறாவது இழுப்பில் ஒரு இருமல். பத்தாவதில் கொட்டகையெல்லாம் நீலப் புகை, காதைப் பிளக்கும் சத்தம். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, உரிமையாளர் தொட்டியில் மிஞ்சிய பெட்ரோலை வடித்துவிடுகிறார். கார்புரேட்டரில் உள்ளதும் தீர்ந்து, எஞ்சின் தானாக அடங்கும்வரை ஓடவிடுகிறார். சூடு ஆறியதும் துடைத்து, பழைய பெயர்ச்சீட்டு வெளியே தெரியும்படி அலமாரியில் வைக்கிறார்.