பலகையில் உண்டு, அடுக்களையில் இல்லை

புரோகிராமைக் கம்பைல் செய்யும்போது ‘அன்டிஃபைண்டு ரெஃபரன்ஸ்’ என்று வந்துவிட்டால், பலர் தாம் எழுதிய வரிகளைத்தான் முதலில் குடைகிறார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை. ஹோட்டல் பலகையில் ரவா தோசை என்றிருப்பதைப் பார்த்து சர்வர் ஆர்டர் எடுத்துவிடுவார். மாவு இல்லையென்பது அடுக்களைக்குப் போன பிறகுதான் தெரியும். ஹெடர் கோப்பு அந்தப் பலகை. அதை நம்பிக் கம்பைலர் வழிவிட்டுவிடும். சரக்கைத் தேடிப்போய் வெறுங்கையோடு திரும்புவது லிங்கர்.

படங்களைக் கணினி அலசுவதற்கான ஓப்பன்சிவி லைப்ரரியை எடுத்துக்கொள்வோம். 1999இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கியது. அதன் கூடுதல் பகுதியான ‘கான்ட்ரிப்’ தனியாகக் கிடைக்கிறது. அது இருக்கும் அடைவை, பில்ட் கருவியான சிமேக்கிடம் நாமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சிமேக் முறையிடாது, மூல லைப்ரரியை மட்டும் பில்ட் செய்து வேலை முடிந்தது என்றுவிடும். ஆகவே விடையைத் தேட வேண்டிய இடம் சிமேக் கடைசியில் அச்சிடும் பட்டியல்: பில்ட் ஆகப்போகும் மாட்யூல்களில் நமக்கு வேண்டியதன் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் அடைவின் பாதை தவறாக இருக்கலாம், அல்லது இரண்டு பகுதிகளின் பதிப்பு எண்கள் ஒத்துப்போகாமல் இருக்கலாம். பெயர் இருந்தும் பிழை வந்தால், லிங்கரிடம் அந்த மாட்யூலைக் குறிப்பிட்டோமா என்று பார்க்க வேண்டும். அதையும் செய்தாயிற்று என்றால், பழைய பிரதியைச் சந்தேகிக்கலாம். லினக்ஸோடு வந்த ஓப்பன்சிவி ஓரிடத்திலும் நாம் பில்ட் செய்தது வேறிடத்திலும் இருக்க, புதிய ஹெடரும் பழைய லைப்ரரியும் ஜோடி சேர்ந்துவிடும். ஓடும்போது எந்தப் பிரதி எடுபடுகிறது என்பதை ‘எல்டிடி’ கட்டளை காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, எல்லாவற்றையும் ஒன்றாகவே தரக்கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கான்ட்ரிப்பில் இருப்பவற்றில் பல இன்னும் முதிராதவை. சிலவற்றுக்குக் காப்புரிமைச் சிக்கலும் உண்டு. படத்தின் அடையாளப் புள்ளிகளைக் கண்டறியும் டேவிட் லோவின் ‘சிஃப்ட்’ முறை அப்படித்தான் அங்கே ஒதுங்கியிருந்தது. 2020 மார்ச்சில் காப்புரிமை காலாவதியானதும் 4.4.0 பதிப்பில் மூல லைப்ரரிக்குத் திரும்பியது. அதே வேலையைச் செய்யும் ‘சர்ஃப்’ முறையோ தனி அனுமதிச் சுவிட்ச் போட்டு பில்ட் செய்தால்தான் வேலை செய்யும். போடாவிட்டால் லிங்கர்கூட வாய் திறக்காது, ஓடும்போதுதான் குட்டு உடையும்.

பைத்தானில் ‘பிப்’ வழியாக ஆயத்தமாகவே கிடைக்கிறதே என்பார்கள். பலருக்கு அதுவே போதும். ஆனால் மூலப் பொதி, கான்ட்ரிப் பொதி இரண்டையும் நிறுவினால் இரண்டும் ஒரே ‘சிவி2’ அடைவில் எழுதி ஒன்றையொன்று கெடுக்கும். அதே இரட்டைப் பிரதி நோய். இரண்டையும் நீக்கிவிட்டுக் கான்ட்ரிப் பொதியை மட்டும் நிறுவ வேண்டும். மூல லைப்ரரி அதற்குள்ளேயே இருக்கிறது.