பான்டிங் இருக்கிறீர்களா?

உடம்பைக் குறைக்கிறவர் "டயட் இருக்கிறேன்" என்று இன்றைக்குச் சொல்கிறார். 1860களின் நடுவில் லண்டனில் அதே ஆள் "பான்டிங் இருக்கிறேன்" என்றிருப்பார். விருந்தில் உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் ஒருவர் ஒதுக்கிவைத்தாலே அக்கம்பக்கத்தில் விஷயம் புரிந்துவிடும்.

பான்டிங் என்பது ஒருவரின் குடும்பப் பெயர். வில்லியம் பான்டிங் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் இறுதிச் சடங்குகளை நடத்திக்கொடுக்கும் தொழில் செய்தவர். அதுவும் சாதாரண வீடுகளுக்கு அல்ல; அரச குடும்பத்துக்கே. 1852இல் வெலிங்டன் பிரபுவின் இறுதி ஊர்வலம் இவர்கள் நிறுவனத்தின் பொறுப்பில்தான் நடந்தது. பெயரின் கடைசியில் இருந்த 'இங்'கை வினைச்சொல்லின் வால் என்று எடுத்துக்கொண்ட ஆங்கிலேயர்கள், அதை நறுக்கிவிட்டு 'பான்ட்' என்று ஒரு புதிய வினையையே உண்டாக்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் அது பிறகு மங்கிப்போனது. ஸ்வீடன்காரர்கள் மட்டும் டயட் இருப்பதை இன்றும் 'பான்டா' என்றே சொல்கிறார்கள்.

அறுபதைத் தாண்டிய பான்டிங்கின் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். 1862 ஆகஸ்டில் எடை 202 பவுண்டு, அதாவது 91 கிலோவுக்கு மேல். குனிந்து செருப்புக்கயிறு கட்ட முடியவில்லை. மாடிப்படியில் முகம் காட்டி இறங்கினால் முழங்காலும் கணுக்காலும் தாங்கவில்லை என்று பின்பக்கமாகத் திரும்பி மெல்ல மெல்ல இறங்கினார். குறைக்க முயலாமலும் இல்லை. விடியற்காலையில் படகு வலித்தார். உடம்பில் பலம் ஏறியது, கூடவே பசியும் ஏறியது. நீராவிக் குளியல், ஊற்றுநீர் ஊர்கள், மருந்துகள் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் காது மந்தமாகிவிட்டதே என்று காது மருத்துவர் வில்லியம் ஹார்வியிடம் போனார். காதைப் பார்த்தவர் கோளாறு கொழுப்பில் இருக்கிறது என்றார்.

ஹார்வி அப்படிச் சொன்னதற்குப் பின்னணி உண்டு. 1850களில் பாரிஸில் கிளாட் பெர்னார்டின் விரிவுரைகளை அவர் கேட்டிருந்தார். கல்லீரல் சர்க்கரையைத் தானே உண்டாக்குகிறது என்று காட்டியவர் பெர்னார்ட். நீரிழிவுக்காரருக்கு மாவும் சர்க்கரையும் ஆகாது என்றால் பருமனானவருக்கும் ஆகாது என்று ஹார்வி கணக்குப் போட்டார். ரொட்டி, பால், வெண்ணெய், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் முடிந்தவரை தவிர்க்கச் சொன்னார். பான்டிங்கின் பழைய சாப்பாடு பெரும்பாலும் இந்தப் பட்டியல்தான்.

புதிய சாப்பாட்டை அவரே எழுதிவைத்திருக்கிறார். காலை ஒன்பது மணிக்கு நாலைந்து அவுன்ஸ் மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ மீனோ, பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், ஒரு அவுன்ஸ் காய்ந்த டோஸ்ட். மதியம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக மீன் அல்லது கறி, உருளை தவிர்த்த காய்கறி, கூடவே இரண்டு மூன்று கிளாஸ் ஒயின். மாலையில் பழம். இரவு மறுபடி கறி, மறுபடி ஒயின். தூங்கப்போகும் முன் தேவைப்பட்டால் சர்க்கரை சேர்க்காத ஜின்னோ விஸ்கியோ ஒரு டம்ளர்! நாளெல்லாம் கூட்டினால் கறியும் மீனும் அரைக் கிலோவுக்குள்தான் வரும். குடிதான் கண்ணை உறுத்துகிறது. ஒரு கிராம் ஆல்கஹாலில் ஏழு கலோரி இருப்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தது. இடுப்புச் சுற்றில் பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் போயிற்று. காதும் தெளிந்தது என்கிறார். வாரக் கணக்கில் பார்த்தால் ஒரு பவுண்டுக்கும் கொஞ்சம் குறைவு. 'பத்து நாளில் பத்து கிலோ' விளம்பரங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஆமை வேகம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் நம்பத்தகுந்ததாகப் படுவதே அந்த வேகம்தான். 1863இல் இதையெல்லாம் சிறு புத்தகமாகத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். அடுத்தடுத்த பதிப்புகள் விற்றுத் தீர்ந்தன. வைத்தியம் படிக்காத ஆசாமி வைத்தியம் சொல்வதா என்று மருத்துவ உலகம் சீறியது.

சொல் மறுபிறவி எடுத்தது தென்னாப்பிரிக்காவில். டிம் நோக்ஸ் அங்கே பெயர்பெற்ற விளையாட்டு மருத்துவ விஞ்ஞானி. ஓட்டக்காரர்கள் மாவுச்சத்தை நிறையச் சாப்பிட வேண்டும் என்று ஒரு காலத்தில் எழுதியவர். பிறகு கட்சி மாறினார். 2013இல் அவரும் சிலரும் சேர்ந்து எழுதிய புத்தகத்துக்குப் பின் 'பான்டிங்' அங்கே உணவகப் பட்டியல் வரை ஏறிவிட்டது. நம் ஊர் பேலியோ, கீட்டோ கோஷ்டிக்கு நெருங்கிய சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நோக்ஸின் பான்டிங்கில் வெண்ணெய்க்கும் பன்றிக்கறிக்கும் தாராள இடம். அசல் பான்டிங்குக்கு இரண்டுமே விலக்கு. கொழுப்பைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்பது 1880களில் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் எப்ஸ்டைன் முன்வைத்த வாதம். புகழ் மட்டும் பான்டிங்குக்குப் போய்ச் சேர்ந்தது.

சரி, மாவுச்சத்தைக் குறைத்தால் ஏன் எடை இறங்குகிறது? முதல் வாரம் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசையும் சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேமிக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சேமிப்பு கரைந்தால் தண்ணீரும் வெளியேறும். எடை மெஷின் முள் சட்டென்று இறங்கும். ஒரு நாள் விருந்துச் சாப்பாட்டில் அது திரும்பி ஏறுவதும் இதனால்தான். அதற்குப் பிறகு குறைவதுதான் உண்மையான கொழுப்பு. புரதம் கூடினால் பசி அடங்கி நிற்கும். பீரும் இனிப்பும் போனால் கலோரி தானாகக் குறையும்.

இன்சுலின்தான் வில்லன், மாவுச்சத்தை நிறுத்தினால் போதும் என்பவர்களுக்கு ஆய்வுகள் அவ்வளவு ஆதரவாக இல்லை. 2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரில் ஒரு சாராருக்குக் கொழுப்பையும் மறுசாராருக்கு மாவுச்சத்தையும் குறைத்தார்கள். ஓராண்டு முடிவில் முதல் சாரார் சராசரியாக 5.3 கிலோ, அடுத்தவர்கள் 6 கிலோ இளைத்திருந்தார்கள். பெரிதாகச் சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. யாருக்கு எது பொருந்தும் என்பதை அவரவர் இன்சுலின் சுரப்பை வைத்தும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. இரண்டு சாராரிலும் சிலர் இருபது கிலோவுக்கு மேல் குறைத்தார்கள், சிலர் ஏறவும் செய்தார்கள். நோக்ஸின் நாட்டு ஆய்வாளர்களே முன்னின்று 2022இல் வெளியிட்ட, காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு 61 ஆய்வுகளை அலசியது. சில மாதங்களில் தெரிந்த வித்தியாசம் ஒரு கிலோ சொச்சம். இரண்டு ஆண்டு வரை பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகவே சோற்றைக் குறைத்து இளைத்தவர் பொய் சொல்லவில்லை, எண்ணெயைக் குறைத்து இளைத்தவரும் பொய் சொல்லவில்லை. பான்டிங் 1878இல் இறக்கும்போது அவருக்கு வயது 81. குறைத்த எடையைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொண்டார். இன்சுலின் ஊசி போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மட்டும் அவர் வழியில் திடீரென இறங்கிவிடக் கூடாது. பழைய அளவிலேயே மருந்தை எடுத்துக்கொண்டு சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றித் தந்த பிறகே தட்டில் கைவைக்க வேண்டும்.