டிப்ளமோ நர்ஸுக்கும் டிகிரி உண்டு!

வார்டில் 15 வருட அனுபவம் இருக்கும். ஆனால், 'பி.எஸ்சி இல்லையே' என்ற காரணத்தால் பதவி உயர்வு தள்ளிப்போகும். ஜி.என்.எம். டிப்ளமோ முடித்த நர்ஸ்கள் பலரின் ஆதங்கம் இது.

இதற்காக மறுபடியும் 4 வருடம் படிக்க வேண்டியதில்லை. 'போஸ்ட் பேசிக் பி.எஸ்சி நர்சிங்' படிப்பு 2 ஆண்டுகள்தான். வேலையை விட முடியாதவர்களுக்கு, இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் 3 ஆண்டு தொலைநிலைப் படிப்பு இருக்கிறது. நர்சிங் கவுன்சில் பதிவு அவசியம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 2 ஆண்டு பணி அனுபவமும் வேண்டும். நுழைவுத் தேர்வும் உண்டு. நைட் டியூட்டி முடித்து வந்து புத்தகத்தைத் திறப்பது லேசல்லதான்!

தொலைநிலை என்றாலும் செய்முறைப் பயிற்சிக்கு நேரில் போயே ஆகவேண்டும். அதற்கான விடுப்பை மருத்துவமனையில் முன்பே பேசிவிடுங்கள்.

'வீட்டிலிருந்தே 6 மாதத்தில் நர்சிங் டிகிரி' என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தால் பணம் கட்டிவிடாதீர்கள். எந்தக் கல்லூரியானாலும், இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்தில் அதன் பெயரைத் தேடிப் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள்.