சாலையில் தூவும் உப்பு

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பர் நம் முன்னோர். உணவுக்குச் சுவையூட்டும் அவ்வுப்பைத் தெருவிலே வாரி இறைக்கும் நாடுகளும் உலகில் உள்ளன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மக்கள் உண்ணும் உப்பினும் சாலைகளில் தூவப்படும் உப்பே பன்மடங்கு மிகுதி. கனடாவில் காடரிச் என்னும் ஊரையடுத்து, ஹியூரான் ஏரிக்கு அடியில், ஏறத்தாழ 1,800 அடி ஆழத்தில் மிகப் பெரிய உப்புச் சுரங்கம் ஒன்று உள்ளது. அமெரிக்காவின் டெட்ராயிட் நகருக்கு அடியிலும் அத்தகைய சுரங்கம் உண்டு. இவற்றில் வெட்டியெடுக்கும் பாறை உப்பில் பெரும்பகுதி குளிர்காலச் சாலைகளுக்கே செல்கிறது.

அந்நாடுகளில் டிசம்பர் முதல் மார்ச்சு வரை கடுங்குளிர் நிலவும். பெய்த பனி சாலையில் இறுகிக் கண்ணாடி போல் ஆகிவிடும். அதன்மேல் நடப்போர் வழுக்கி விழுந்து எலும்பு முறிவதும், ஊர்திகள் நிலைதடுமாறி மோதுவதும் உண்டு. ஆதலின் நகராட்சியினர் சாலையெங்கும் உப்பைத் தூவுவர். வீட்டு வாயிலையொட்டிய நடைபாதையைச் செம்மையாக வைத்தல் பல நகரங்களில் வீட்டுக்காரரின் கடமையாகும். அவர்களும் குளிர்காலம் தொடங்கும்போதே ஒரு மூட்டை உப்பை வாங்கி வைத்துக்கொள்வர்.

உப்பு எவ்வாறு பனிக்கட்டியை உருக்குகின்றது? தூய நீர் 0 பாகை செல்சியசில் உறையும். பனிக்கட்டியின் மேற்பரப்பில் மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கும். உப்பு அதில் கரைந்து உப்புநீராகும். உப்புநீர் உறைவதற்குத் தூய நீரினும் மிகுந்த குளிர் வேண்டும். எனவே அஃது உறையாமல் நின்று, தன்னைச் சூழ்ந்த பனியையும் கரைத்துக்கொண்டே செல்லும். நூற்றுக்கு ஏறத்தாழ 23 பங்கு உப்பைக் கொண்ட நீர், சுழிக்குக் கீழ் 21 பாகை வரை உறைவதில்லை. எனினும் சுழிக்குக் கீழ் 10 பாகையளவு குளிர் வந்துவிட்டாலே உப்பின் வேலை மிக மெதுவாகிவிடும். அப்போது கால்சியம் குளோரைடு என்னும் வேறோர் உப்பைப் பயன்படுத்துவர். அஃது ஈரத்தை வலிந்து ஈர்ப்பது. கரையும்போது வெப்பத்தையும் வெளியிடுவது. பனியை விரைந்து உருக்கும் அவ்வியல்புகளே வெறுங்காலைப் புண்ணாக்குவனவும் ஆகும்.

மனிதர்க்குத் தடித்த காலணிகள் உள்ளன. நாய்க்கும் பூனைக்கும் அவை ஏது? நாயின் உள்ளங்கால் தடித்த தோலால் ஆனதேயெனினும், உப்பு படப்பட அது வறண்டு வெடிக்கும். விரலிடையில் உள்ள மயிரில் பனி உருண்டையாகத் திரண்டு, உப்புப் பரல்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வெடிப்பில் உப்பு பட்டால் எத்துணை எரியும் என்பதை நாம் அறியாதவர்களா? நடந்து செல்லும் நாய் திடீரென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஆயினும் பெருந்தீங்கு காலில் இல்லை; நாவில் உள்ளது. எரியும் காலை நக்கித் துடைப்பது விலங்கின் இயற்கை. பூனையோ உடல் முழுவதையும் நக்கியே தூய்மை செய்யும். காலில் ஒட்டிய உப்பு இவ்வாறு வயிற்றுள் புகுகின்றது. சிறிதளவு புகுந்தால் வாயில் நீர் வடியும், வாந்தியும் பேதியும் தோன்றும், தாகம் மிகும். மூட்டையிலிருந்தே உப்பை மிகுதியாகத் தின்றுவிட்டாலோ நிலைமை வேறு. குருதியில் சோடியம் பெருகும். மூளையின் உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறும். உடல் நடுங்கி, வலிப்புக் கண்டு, உயிரும் போகலாம். அந்நிலையில் வீட்டு மருத்துவம் உதவாது. நாமாக வாந்தி எடுக்கச் செய்யாமல், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும். தின்ற பொருளின் மூட்டையையும் உடன் எடுத்துச் செல்வது நன்று.

காப்பு முறை எளியது. நா காலைத் தொடுமுன் நீர் தொடவேண்டும். உலாவிவிட்டு வந்தவுடன், நாய் உள்ளே ஓடுமுன், வாயிலிலேயே வெதுவெதுப்பான நீரில் நான்கு கால்களையும் அலம்பி, விரலிடுக்குகளையும் அடிவயிற்றையும் துணியால் ஈரம் போகத் துடைத்துவிடவேண்டும். புறப்படுமுன் உள்ளங்காலில் இதற்கெனச் செய்த மெழுகைப் பூசலாம். விரலிடை மயிரை ஒட்டக் கத்தரித்து வைக்கலாம். நாய்க்குக் காலுறையா என்று நகைப்பாரும் உளர். அலாஸ்காவில் 1973 முதல் நடைபெற்றுவரும் இடிட்டராட் என்னும் நெடுந்தொலைப் பனிவண்டிப் போட்டியில் ஓடும் வலிமை மிக்க நாய்களும் துணிக்காலுறை அணிந்தே ஓடுகின்றன. வீட்டில் நல்ல குடிநீர் எப்போதும் இருக்கவேண்டும். தாகம் கொண்ட நாய் தெருவோரத்து உப்புக் குட்டையையும் குடித்துவிடும்.

'வளர்ப்பு விலங்குகட்குத் தீங்கற்றது' என்று எழுதிய பைகளும் கடையில் விற்கின்றன. அவற்றுள் சில யூரியாவால் ஆனவை. அவை காலை அவ்வளவாக வருத்துவதில்லை. கடுங்குளிரில் அவ்வளவாகப் பயன்படுவதும் இல்லை. குறைந்த தீங்குடையது என்பதே அச்சொற்களுக்குப் பொருள். தின்னத் தக்கது என்பதன்று. பனி இறுகுமுன் மண்வாரியால் அதை அகற்றிவிட்டால் உப்பு சிறிதே போதும். மணலைத் தூவுவதும் உண்டு. மணல் பனியை உருக்காது. ஆயின் கால் வழுக்காமல் பிடிப்பைத் தரும். தன் வாயிலில் மணலைத் தூவலாம். நகரச் சாலையில் எதைத் தூவுவது என்பது நாய் வளர்ப்போர் கையில் இல்லை. அதனால், எதைத் தூவினாலும் கால் கழுவும் வேலை நீங்காது.

உப்பினும் கொடியது ஒன்றும் குளிர்காலத் தெருவில் உண்டு. ஊர்திப் பொறியின் நீர் உறையாதிருக்க அதனோடு எத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்மத்தைக் கலப்பர். அஃது இனிப்பாக இருக்கும். ஒழுகிக் கிடக்கும் சிறிதளவை நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும். சில மணி நேரத்துக்குள் மருத்துவம் செய்தாலன்றிப் பிழைத்தல் அரிது. ஊர்தி நிற்குமிடத்தில் பச்சையாகவோ செம்மஞ்சளாகவோ ஒரு கறை தென்பட்டால், விலங்குகளை அப்பால் விலக்கி, அதைத் துடைத்துக் கழுவிய பின்னரே வேறு வேலை பார்க்கவேண்டும்.