இரண்டாவது தட்டு

கோவண்டியில் குடியிருக்கும் நம்மவர்க்குக் காசநோய் அறியாத நோயன்று. பத்தடி அறையில் அறுவர் உறங்கும் வீடுகளில் காற்றுக்கும் வெளிச்சத்திற்கும் இடமேது?

சென்ற ஆண்டு என் தமையனாருக்கு இந்நோய் கண்டது. அண்ணியார் ஆறு மாத காலம் ஒரு நாள் மாத்திரையும் தவறாமல் கொடுத்துக் காத்தார். பாலும் முட்டையும் அண்ணனுக்கு. மீந்த கஞ்சி தமக்கு. அண்ணன் தேறினார். நாங்கள் மகிழ்ந்திருந்த வேளையில் அண்ணியார் இருமத் தொடங்கினார். சளியைச் சோதித்ததில் அவருக்கும் அந்நோயே எனத் தெரிந்தது. அண்ணனின் தட்டைக் கவனித்த நாங்கள் அண்ணியின் தட்டைக் கவனிக்கவில்லை.

அப்படியானால் நோயாளியை வீட்டைவிட்டு அகற்றுவதே நலமா? அன்று. இக்கேள்விக்கு நம் சென்னையே விடை கண்டது. 1956இல் அங்கே தொடங்கிய ஆராய்ச்சியில், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றவருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு சிகிச்சை அளித்தனர். சானடோரியத்தில் உணவும் ஓய்வும் மிகுதி. எனினும் வீட்டில் மருந்துண்டவர்களும் ஏறத்தாழ அவர்களைப் போன்றே குணமடைந்தனர். அவர்தம் குடும்பத்தாருக்கு அதனால் அதிகமாக நோய் பரவவுமில்லை. மருந்து தொடங்குமுன், நோயென்று அறியாமல் கழியும் நாட்களே பேராபத்து.

உணவின் அருமையும் நிறுவப்பட்டுள்ளது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில், நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் அரிசி, பருப்பு வழங்கிப் பார்த்தனர். வழங்காத குடும்பங்களைக் காட்டிலும் அவர்களிடையே புதிதாய் நோய் காண்பது 39 சதவீதம் குறைந்தது.

ஆதலின் அன்பர்களே, வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டால், எல்லோரையும் அழைத்துச் சென்று அரசாங்க மருத்துவமனையில் சோதித்துக்கொள்ளுங்கள். நோயில்லாதவர்க்குத் தடுப்பு மாத்திரை உண்டா எனக் கேளுங்கள். சிகிச்சைக் காலத்தில் நோயாளிக்கு அரசு தரும் உணவுத்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். அதைக் கேட்டுப் பெறத் தயங்காதீர்கள். அக்கம்பக்கத்தார் அறிவார்களே என்று கூசி நாளைக் கடத்தாதீர்கள். நோயாளிக்குப் பரிமாறுகிறவர் கடைசியில் என்ன உண்கிறார் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

அண்ணியார் இப்பொழுது நான்காம் மாத மருந்தை உண்டு வருகிறார். காலையில் மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுப்பவர் என் தமையனார். இருவரும் ஒரே வேளையில் அமர்ந்து உண்கின்றனர்.