சித்திரை வந்தால் விரலோரம் ஜவ்வரிசி

பங்குனி கடைசியில் எனக்கு ஒரு விருந்தாளி வருவார். காலையில் காபி டம்ளரைப் பிடிக்கும்போது விரல்களின் பக்கவாட்டில் லேசா ஒரு குறுகுறுப்பு. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், தோலுக்கு அடியில் ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி நாலைந்து மணிகள். ரெண்டே நாளில் நாலைந்து நாற்பதாகும், உள்ளங்கை வரைக்கும் இறங்கும். ராத்திரி அரிப்பில் தூக்கம் போகும். மூணாவது வாரம் எல்லாம் காய்ந்து, வெங்காயச் சருகு மாதிரி தோல் உரிந்து, கை புதுசாகிவிடும். அடுத்த வருஷம் அதே நேரத்துக்கு மறுபடி ஆஜர்.

முதல் வருஷம் "உடம்புச் சூடு" என்று அம்மா சொன்னாங்க. இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல் எல்லாம் நடந்தது. மூணு வாரத்தில் சரியாப் போச்சு, பேரை வெந்தயம் வாங்கிக்கொண்டது. ரெண்டாவது வருஷம் சிரங்கு என்று முடிவு கட்டி, வீட்டில் அஞ்சு பேரும் கழுத்துக்குக் கீழே ராத்திரி முழுக்க மருந்து தடவிக்கொண்டு படுத்தோம். மூணாவது வருஷம் மருந்துக்கடையில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கினேன். அதன் கதை பின்னால் வருகிறது.

நாலாவது வருஷம் ஒரு கல்யாண வீடு. பந்தியில் ஆள் குறையுதுன்னு சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். ஒரு பெரியவர் என் விரல்களைப் பார்த்தார். இலைக்குக் குறுக்கே கையை வைத்து, "போதும் தம்பி" என்றார். அவர் இலையில் நான் இன்னும் ஒரு கரண்டிகூட ஊற்றவில்லை. அவர்மேல் கோபம் வரவில்லை. ஏன்னா, இது ஒட்டுமா ஒட்டாதா என்று எனக்கே தெரியாது. அன்னைக்கு ராத்திரிதான் முதல்முறையா உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி வைக்கிறேன்.

தப்பான பெயர், 150 வயசு

1873-இல் லண்டனில் டில்பரி ஃபாக்ஸ் என்ற தோல் மருத்துவர் இதை விவரித்து 'டிஸ்இட்ரோசிஸ்' என்று பெயர் வைத்தார். வியர்வைக் கோளாறு என்று அர்த்தம். வியர்வை வெளியே வர வழியில்லாமல் உள்ளே தேங்குவதால்தான் கொப்புளம் வருது என்பது அவர் எண்ணம். 1876-இல் ஜொனாதன் ஹட்சின்சன் என்ற இன்னொரு லண்டன் மருத்துவர் 'கைரோ-பாம்ஃபாலிக்ஸ்' என்றார். 'பாம்ஃபாலிக்ஸ்' கிரேக்கச் சொல், குமிழி என்று பொருள். இன்றைக்கும் மருத்துவர்கள் பாம்ஃபாலிக்ஸ் என்றும் டிஸ்ஹைட்ரோடிக் எக்ஸிமா என்றும் எழுதுவதை மருந்துச்சீட்டில் பார்க்கலாம்.

பின்னாளில் தோலை மெல்லிசா சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது கதை மாறியது. வியர்வைக் குழாய் பெரும்பாலும் கொப்புளத்தைத் தொடாமல் தன் பாட்டுக்குப் போகிறது. உள்ளே இருப்பது தேங்கிய வியர்வை இல்லை. தோலின் மேலடுக்கு அழற்சி கண்டு, செல்களுக்கு இடையில் நீர் கோத்து, நனைந்த பஞ்சு மாதிரி ஊதி, அந்த நீர் ஒன்றுசேர்ந்து மணியாகிறது. அதாவது இது எக்ஸிமா வகை, நம்ம ஊர்ப் பேச்சில் கரப்பான். பெயர் மட்டும் பழசாகவே தங்கிவிட்டது.

ஃபாக்ஸின் வியர்வையும் அம்மாவின் சூடும் கிட்டத்தட்ட ஒரே ஊகம்தான் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ரெண்டு பேரும் காரணத்தில் தவறினாங்க, கவனித்ததில் தவறவில்லை. வெயில் காலத்தில், வியர்க்கும் கைகளில், இது அதிகமாத்தான் வருகிறது.

ஏன் ஜவ்வரிசி மாதிரி?

உள்ளங்கை, உள்ளங்காலின் மேல்தோல் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு தடிமன். வேறு இடத்தில் இப்படி நீர் கோத்தால் சீக்கிரம் உடைந்து கசியும். இங்கே தடித்த தோல் மூடிபோல அழுத்திப் பிடிப்பதால், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மணியாக உள்ளேயே நிற்கிறது. வெளியே போக வழியில்லாமல் அந்த நீர் பிறகு உறிஞ்சப்படுகிறது. மேலே செத்த தோல் உரிகிறது. எந்த மருந்தும் போடாவிட்டாலும் ரெண்டு மூணு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். வெந்தயத்துக்குப் பேர் கிடைத்தது இதனால்தான்!

ஒட்டுமா? ஒட்டாது. உள்ளே இருப்பது நம் உடம்பின் நீர்தான், கிருமி இல்லை. கை கொடுத்தாலும் பரிமாறினாலும் குழந்தையைத் தூக்கினாலும் பரவாது. ஆனால் ஊசியால் குத்திவிடாதீங்க. மூடி திறந்தால் வெளியிலிருந்து பாக்டீரியா உள்ளே போய் சீழ் பிடிக்கும்.

மாறுவேடக்காரர்கள்

கையில் வரும் மணி எல்லாம் இதுவே என்று நினைத்துவிடவும் கூடாது.

சிரங்கு: விரல் இடுக்கில், மணிக்கட்டில், இடுப்பில் வரும். ராத்திரி அரிப்பு அதிகம், வீட்டில் மற்றவர்களுக்கும் அரிக்கும். இது நிச்சயம் ஒட்டும்.

படை: பூஞ்சைத் தொற்று. பெரும்பாலும் ஒரே ஒரு கையில்தான் இருக்கும். ரெண்டு காலும் ஒரு கையும் என்பது இதன் பழக்கம்.

வெயிலில் தோல் உரிதல்: அரிப்பே இருக்காது. நீரில்லாமல் காற்று மட்டும் இருக்கும் வட்டம் தோன்றி, விளிம்பிலிருந்து உரியும்.

வெயில் ஒவ்வாமை: உள்ளங்கையில் வராது. வெயில் படும் புறங்கையிலும் முன்கையிலும் வரும்.

கை, கால், வாய் நோய்: குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு, வாய்ப்புண்ணோடு வரும். இதுவும் ஒட்டும்.

ஏன் பருவம் தவறாமல்?

ஒரே காரணம் என்று எதுவும் இல்லை. ஏற்கெனவே சட்டென்று பொங்கும் தன்மையுள்ள தோல், அதன்மேல் வந்து விழும் தூண்டல்கள் என்று புரிந்துகொள்ளலாம். இழுப்பு, அலர்ஜித் தும்மல், சின்ன வயசுக் கரப்பான் உள்ள குடும்பங்களில் அதிகம் பார்க்கிறாங்க. வெக்கையும் வியர்வையும் முதல் தூண்டல். சிலருக்கு வெயிலின் புறஊதாக் கதிரே தூண்டுகிறது. திரும்பத் திரும்ப சோப்பு போட்டுக் கழுவுவது, பாத்திரம் தேய்க்கும் பவுடர், சிமெண்ட் எல்லாம் சேரும். மன அழுத்தமும் உண்டு. எனக்கோ மார்ச் 31 கணக்கு முடிக்கும் வேலை! நிக்கல் ஒவ்வாமை இன்னொன்று. கவரிங் நகை, கடிகாரப் பட்டையில் ஏற்கெனவே அரிப்பு வருகிறவர்கள் இதைச் சந்தேகிக்கலாம், ஒட்டுப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இவ்வளவும் படித்துவிட்டு, எல்லாம் தெரிந்த மிதப்போடுதான் தோல் மருத்துவரிடம் போனேன். அவங்க என் கையை அரை நிமிஷம் பார்த்தாங்க. அப்புறம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஷூவைக் கழட்டுங்க."

கடைசி ரெண்டு கால்விரல்களுக்கு நடுவில் தோல் வெளுத்து ஊறிப் போயிருந்தது. சேற்றுப்புண். வருஷக்கணக்காக இருப்பதுதான், பெரிசா அரிக்காததால் நான் கண்டுகொள்ளவே இல்லை. அங்கே சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்ததில் பூஞ்சை இருந்தது. கையில் சுரண்டியதில் எதுவும் இல்லை. காலில் உள்ள பூஞ்சைக்கு எதிராக உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிளம்பும்போது, பூஞ்சையே இல்லாத கையில் கொப்புளம் வரலாமாம். இதற்கு 'இட்' எதிர்வினை என்று பெயர். நாள் முழுக்க ஷூ, அதற்குள் சித்திரை வியர்வை, கால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். புகைச்சல் காலில், கைதான் எரிந்தது.

அந்த ட்யூப்

இப்போ மூணாவது வருஷக் கதை. அந்த ட்யூபில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருந்தது. நாலே நாளில் கை சுத்தம். மாயம் என்று நினைத்து, காலிலும் கொஞ்சம் தடவினேன். தப்பு அங்கேதான். ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும், கூடவே பூஞ்சைக்கு எதிரான காவலையும் அடக்கும். சிவப்பும் அரிப்பும் மறைந்துபோகும், பூஞ்சை உள்ளே சத்தமில்லாமல் பரவும். அந்த வருஷம் ஒரே மாசத்தில் கொப்புளம் திரும்பி வந்தது. ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. கேட்டால் இன்றும் கடையில் கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

ஸ்டீராய்டே கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. இந்தக் கொப்புளத்துக்கு முதல் மருந்தே அதுதான். உள்ளங்கைத் தோல் தடிமன் என்பதால் வீரியமானதாகவே, ஆனால் மருத்துவர் சொன்ன சில வாரங்களுக்கு மட்டும். அதிகமா நீர் கசிந்தால் பொட்டாசியம் பர்மாங்கனேட்டை வெளிர் ரோஸ் நிறம் வரும் அளவுக்கு மட்டும் கரைத்து, கையை ஊறவைக்கச் சொல்வாங்க. படிகம் கரையாமல் இருந்தால் தோலைப் பொசுக்கிவிடும், ஜாக்கிரதை. காய ஆரம்பித்ததும் வாசனையில்லாத மாய்ச்சரைசர், கை கழுவும் ஒவ்வொரு தடவையும். பாத்திரம் தேய்க்க, உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. தீவிரமாகத் திரும்புகிறவர்களுக்கு ஒளிச் சிகிச்சையும் மாத்திரைகளும் உண்டு.

சீழ், காய்ச்சல், கையில் சிவப்புக் கோடு ஏறுதல் இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்க. சர்க்கரை உள்ளவர்கள் சின்னதாக இருக்கும்போதே போய்விடுவது நல்லது.

காலுக்கு ஒரு மாதம் பூஞ்சை மருந்து போட்டேன். விரலிடுக்கைத் துடைத்துக் காயவைக்கிறேன், தினம் துவைத்த பருத்திச் சாக்ஸ், ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள் போடுவதில்லை. இந்தச் சித்திரையில் மொத்தம் ஆறு மணிகள், எண்ணி வைத்திருக்கிறேன். ஒரு வருஷத்தை வைத்து நிரூபணம் என்று சொல்லமாட்டேன். போன சித்திரையில் எண்ணவே முடியவில்லை என்பது மட்டும் உண்மை.

உங்களுக்கும் இப்படி வருகிறது என்றால், ரெண்டு வேலை செய்யுங்க. எந்த மாசம் வந்தது, அப்போ என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்க. அப்புறம், கால்விரல் இடுக்கை ஒருமுறை விரித்துப் பாருங்க. வராதவர்களுக்கும் ஒன்று. பந்தியில் இப்படி ஒரு கை கரண்டியோடு வந்தால் உடனே இலையை மறைக்க வேண்டாம். ஒட்டாத கையாகவும் இருக்கலாம், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.