ஆபரேஷன் முடிந்தும் புது வலி ஏன்?

திண்டுக்கல் வெங்காய மண்டியில் மூட்டை சுமந்தே தேய்ந்த ஒரு முதுகு என்று வைத்துக்கொள்வோம். பிதுங்கிய டிஸ்க்கை எடுத்தாயிற்று. காலில் ஷாக் அடித்தாற்போல இறங்கிய வலியும் போயிற்று. மூன்றாம் வாரம் தொடையில் எறும்பு ஊர்கிறது, மறுபக்க இடுப்பு கடுக்கிறது. ஆபரேஷன் சொதப்பிவிட்டதோ?

பெரும்பாலும் இல்லை. எலும்பை எட்டுவதற்காக முதுகுத் தசைகளை விலக்கிப் பிடிக்கிறார்கள். அவை ஆற வாரங்கள் ஆகும். நசுங்கிக் கிடந்த நரம்பு விழிக்கும்போது, சம்மணமிட்டு மரத்துப்போன கால் மாதிரி குறுகுறுக்கும். சிதைந்த நரம்பிழை நாளுக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும். அதோடு, மாதக்கணக்கில் வலிக்குப் பயந்து கோணலாக நடந்த உடம்பு இப்போது நேராக நிற்கிறது. சோம்பிக் கிடந்த தசைகளுக்கு அது புது வேலை.

நடைதான் நல்ல மருந்து. வெயில் ஏறுமுன் தெருக்கோடி வரை, தினம் கொஞ்சம் கூட்டி. மலைக்கோட்டைப் படிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குனிந்து குடம் தூக்குவதும் டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டும் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். பார்க்க வருபவர்கள் ஆளுக்கொரு தைலம் சொல்வார்கள். ஆறாத தையலில் தேய்த்துவிடாதீர்கள்.

காய்ச்சல், புண்ணில் கசிவு, கெண்டைக்கால் வீக்கம், காலில் பலம் குறைவு என்றால் அன்றைக்கே மருத்துவமனை. சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி மங்கினாலோ விடியட்டும் என்றுகூடக் காத்திருக்கக் கூடாது.